கப்பல் கம்பெனியின் தலைவர்

(பாலவனத்தம் ஜமீந்தார் பொன். பாண்டித்துரைத் தேவரைப் பற்றிப் போடிநாயக்கனூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடற்கரைக்கு வெகு தூரத்தில், மேற்கே மலையும் கிழக்கே வயலுமாக அமைந்த இந்த ஊரில், கப்பல் கம்பெனி ஒன்றுக்குத் தலைவராக இருந்த ஜமீந்தார் ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். போடிநாயக்கனூருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. இம்மலைச் சரிவில் விளையும் ஏலக்காயும், இதற்கும் அப்பால் மூணாற்றுச் சிகரங்களில் விளையும் தேயிலையும், தரையில் இறங்குவதற்கு இந்த ஊரையும், கடல் கடப்பதற்குத் தென்பாண்டித் துறைமுகத்தையும் நம்பியிருந்த காலத்தை மனத்தில் கொண்டு வந்தால், அந்தச் சம்பந்தம் தானே விளங்கிவிடும்.

இங்கே ரயில் வந்தது 1928ஆம் வருஷத்தில்தான். அதற்கு முன்பு, போடி மெட்டு வழியாகத் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் இறங்கிய ஏலக்காய் மூட்டைகள், இந்த ஊர்க் கிட்டங்கிகளில் தரம் பிரிக்கப்பட்டு, மாட்டு வண்டி ஏறி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு என்று 50 மைல் வழியும் இரவு பகலாக ஊர்ந்து சென்று அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தைச் சேர வேண்டியிருந்தது. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகளோ டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிக்கு வந்தன. 1908இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே போட்ட சின்ன ரயில் பாதையை 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அழித்துக்கொண்டு போன கதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலாக நீங்கள் கேட்டிருக்கக்கூடும். மலைச் சரக்குக்கு ரயில் பாதிவழித் துணைதான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876லேயே இருப்புப்பாதை போட்டிருந்தார்கள். அந்தப் பாதை முடிகிற இடத்தில் கடல் தொடங்கிற்று. கடலில் நின்ற கப்பல் அந்நியருடையதாக இருந்தது. கப்பல் யாருடையது, அவர் கேட்கும் கட்டணம் என்ன என்ற இரண்டு விஷயங்களும், கடலையே பார்த்தறியாத மலைத்தோட்டக்காரனுடைய சரக்கின் விலையையும் தொட்டுக்கொண்டே இருந்தன. சரக்கு மட்டும் அன்று. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களின் ஏழைக் குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போனதும் பெரும்பாலும் அந்தத் தூத்துக்குடித் துறையிலிருந்துதான்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டி ஏகபோகமாக இலாபம் எடுத்துவந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதை எதிர்த்து 1906ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி ரிஜிஸ்தர் செய்யப்பட்ட சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பற்றி அறியாத தமிழர் இருக்க முடியாது. கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம்பிள்ளையின் திருநாமத்தைப் பள்ளிக் குழந்தையும் சொல்லும். ஆனால் அந்தக் கம்பெனிக்குத் தலைவராக அமர்ந்தவர் யார் என்று கேட்டால், படித்தவர்களிலும் பலர் பதில் சொல்லத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். இத்தயக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அவர் பாலவனத்தம் ஜமீந்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஸ்தாபகர், பொன். பாண்டித்துரைத் தேவர்.

தேவர் 1867ஆம் வருஷம் மார்ச்சு 21ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் உக்கிரபாண்டியன். தந்தையார் பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் சகோதரர். சமஸ்தானத்து நிர்வாகத்தைத் தம் தோளில் சுமந்தவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையோடு திருக்குறளை அச்சிட்டபோது பொருளுதவி செய்த வள்ளல். அத்தகைய தந்தையை மகன் மூன்று வயதிலேயே இழந்தார். வளர்ப்பும் பொறுப்பும் பிறரிடம் போயின. ஆயினும் அழகர் ராஜு என்னும் புலவரிடம் தமிழ் பயின்று, சைவ சித்தாந்தத்திலும் சங்கீதத்திலும் ஆழ்ந்து, சொற்பொழிவில் வல்லவராகி, தந்தை விட்டுச் சென்ற ஜமீனைக் காட்டிலும் அவர் விட்டுச் சென்ற தமிழபிமானத்தையே பெரும் ஆஸ்தியாகக் கொண்டு வளர்ந்தார் என்று சொல்லலாம். தந்தையின் சகோதரர் மகன்தான், விவேகானந்த சுவாமிகளைச் சிகாகோவுக்கு அனுப்புவதில் முன்நின்றவரும், 1897இல் அவர் திரும்பி வந்தபோது பாம்பனில் வரவேற்றவருமான பாஸ்கர சேதுபதி. சேதுவைக் காக்கும் குடி என்று பட்டம் பெற்ற வம்சம் அது. அவ்வம்சத்தில் வந்த முத்துராமலிங்க சேதுபதி ஒருவர், துணி வியாபாரத்திலும் சுங்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு வளைந்து கொடுக்க மறுத்து, 1795இல் பதவியிழந்து, சிறையிலேயே 1809இல் உயிர் நீத்தார். கடல் வாணிகத்தில் வெள்ளைக் கம்பெனியோடு மோதினால் என்ன நேரும் என்பதைத் தேவருக்குப் புத்தகத்திலிருந்து யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய குடும்பத்துச் சரித்திரம்.

தமிழ்ச் சங்கம் பிறந்த கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கப்பல் கம்பெனிக்குத் தலைவராகும் மனம் எப்படி உருவாயிற்று என்பது அதில்தான் தெரிகிறது. மதுரைக்கு ஒருமுறை சொற்பொழிவாற்ற வந்த தேவர், பேச்சுக்கு முன் ஒப்புநோக்கிக்கொள்வதற்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டுமென்று கேட்டாராம். அவரை அழைத்தவர்கள் கனவான்கள். பெரிய வீடுகளை உடையவர்கள். ஆனால் ஒருவர் வீட்டிலும் அந்நூல்கள் இல்லை. ஆட்கள் தெருத் தெருவாக அலைந்து, ஒருவாறு தேடிப் பிடித்து வந்து கொடுப்பதற்குள் நாட்கள் கழிந்துவிட்டன. பாண்டியர் தலைநகரில், சங்கம் இருந்ததென்று நாம் பெருமை பேசிக்கொள்ளும் கூடலில், வள்ளுவருக்கும் கம்பருக்கும் ஒரு மூலையில்கூட இடமில்லை என்ற அந்தச் செய்தி அவர் நெஞ்சைச் சுட்டது. சுட்டதோடு நிற்கவில்லை. 1901ஆம் வருஷம் செப்டம்பர் 14ஆம் தேதி மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் அங்கங்களாகப் பாண்டியன் புத்தகசாலை என்ற நூல்நிலையம், செந்தமிழ்க் கலாசாலை என்ற பாடசாலை, சொந்த அச்சுக்கூடம், இரா. இராகவையங்காரை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ‘செந்தமிழ்’ மாதப் பத்திரிகை. பிரவேசம், பாலபண்டிதம், பண்டிதம் என்று மூன்று படிகளில் நடந்த பரீட்சைகள். சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்து, அச்சிடுவாரின்றி அலைந்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்ததும் இச்சங்கத்தின் ஆதரவினாலேதான்.

இந்த வரிசையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரபுக்கள் புலவருக்குப் பொன்னாடை போர்த்துவதும், ஒரு பாட்டுக்கு ஒரு கிராமம் கொடுப்பதும் நம் நாட்டில் புதியன அல்ல. உங்கள் ஜமீன் அரண்மனையில் இராமாயணச் சித்திரம் எழுதிய கைகளுக்குச் சன்மானம் கொடுத்ததும் அந்த மரபுதான். ஆனால் கொடை கொடுத்தவரோடு முடிந்துவிடுவது அந்த மரபின் குறை. தேவர் கொடுத்த கொடை வேறு ஜாதி. நூல் இல்லை என்றால் நூல்நிலையம், ஆசிரியர் இல்லை என்றால் பரீட்சை, அச்சிடுவார் இல்லை என்றால் அச்சுக்கூடம் என்று, தம் காலத்துக்குப் பின்னும் தானே நடக்கக்கூடிய ஸ்தாபனமாகத் தம் செல்வத்தை அவர் மாற்றிக்கொண்டே போனார். பாஸ்கர சேதுபதி கொடுத்துக் கொடுத்துக் கடனில் ஆழ்ந்து 1903இல் இளமையிலேயே மறைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த சகோதரர் அவர். அதைக் கண்ட பின்னும் கையை மூடிக்கொள்ளாமல், கொடுக்கும் முறையைத் திருத்திக்கொண்டார் என்பதில்தான் அவருடைய அறிவின் உயரத்தைக் காண்கிறேன்.

இன்னொரு செய்தி. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அதற்கு உற்ற துணையாக நின்றவர் தேவர். மணிமேகலை துறவின் காவியம் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். அது கடலின் காவியமும்கூட. கணிகைக்கும் சூதுக்கும் பொருளையெல்லாம் இழந்த சாதுவன் வாணிகரோடு கப்பலேறுகிறான். புயலில் கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரையேறுகிறான். அவர்களுடைய தலைவனுக்கு நல்லறம் சொல்லி, கலம் உடைந்து கரை ஒதுங்குகிறவர்களைக் கொல்லாமல் காக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறான். பிறகு சந்திரதத்தன் என்னும் வணிகனுடைய கப்பலில் காவிரிப்பூம்பட்டினம் திரும்புகிறான். ஆபுத்திரனோ சாவக நாட்டுக்குக் கலம் ஏறுகிறான். தமிழனுடைய கப்பல் தமிழனுடைய துறையிலிருந்து புறப்பட்டுப் போய்த் திரும்பி வந்த காலத்தை ஏட்டில் அச்சாக்கத் துணை நின்றவர், எட்டே வருஷங்களுக்குப் பின், தூத்துக்குடியில் அக்காட்சியை மீண்டும் காண விரும்பினார் என்றால், அவ்விரண்டு காரியங்களையும் நான் வேறு வேறாகப் பார்க்க மாட்டேன்.

இனிக் கம்பெனிக்கு வருவோம். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியாக் கண்டத்தாருக்கு மட்டுமே பங்கு விற்பது என்பது விதி. காரியதரிசி ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். உதவிக் காரியதரிசி சிதம்பரம்பிள்ளை. சட்ட ஆலோசகர்களுள் சேலம் விஜயராகவாசாரியார் ஒருவர். தலைவர் பாண்டித்துரைத் தேவர். சரக்கும் ஆளும் ஏற்றுவதோடு கம்பெனியின் நோக்கம் நிற்கவில்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும் கப்பல் நடத்தும் தொழிலைக் கற்பிக்கவேண்டும், அதற்குக் கலாசாலை வைக்கவேண்டும், கப்பல் கட்டும் துறைகள் அமைக்கவேண்டும் என்பனவும் அதன் நோக்கங்களில் எழுதப்பட்டிருந்தன. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் செந்தமிழ்க் கலாசாலை நினைவுக்கு வருகிறது. சிதம்பரம்பிள்ளையின் கனவும் தேவரின் வழக்கமும் இந்த ஒரு வாசகத்தில் கைகோத்து நிற்கின்றன.

அன்றாடம் கப்பலை ஓட்டிய பெருமை தேவருக்குரியது என்று நான் சொல்லவில்லை. அலைந்தவர் சிதம்பரம்பிள்ளை. பம்பாயிலிருந்து ஷா லைன் கம்பெனியாரின் கப்பலை வாடகைக்குப் பிடித்தவரும், எதிரிகளின் நிர்ப்பந்தத்தால் ஷா லைன் பின்வாங்கியபோது கொழும்பிலிருந்து வேறு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியவரும், சொந்தக் கப்பல் இல்லாமல் மானம் இல்லை என்று மறுபடி பம்பாய்க்கு ஓடியவரும் அவரே. 1907இல் எஸ். எஸ். காலியா, எஸ். எஸ். லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், இவர்களுக்கு மேல் 4,000 மூட்டைச் சரக்கு ஏற்றலாம். அந்தக் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். அறுபத்தாறு கனவான்களுக்கு ஆயிரத்து முந்நூறு ஏழைகள். மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் மேல்தட்டில் வெயிலிலும் சாரலிலும் குந்தியிருந்து கொழும்பு போன அந்த ஏழைகளுக்காகத்தான் கடலில் யுத்தமே நடந்தது. பாரதியார் தம்முடைய ‘இந்தியா’ பத்திரிகையில் அக்கப்பல்களின் வருகையைக் கொண்டாடி எழுதினார்.

ஒரு ஜமீந்தார் தலைவராக இருப்பதால் கம்பெனிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அந்நாளில் தென்பாண்டி நாட்டில் பணம் உள்ளவர்கள் நிலத்தில் போடுவார்கள், நகையில் போடுவார்கள், தெரிந்தவனுக்கு வட்டிக்குக் கொடுப்பார்கள். கண்ணால் காணாத கப்பலில், கைக்கு ஒரு காகிதம் வாங்கிக்கொண்டு 25 ரூபாய் போடு என்று ஓர் இளம் வக்கீல் சொன்னால் எத்தனை பேர் துணிவார்கள்? பாலவனத்தம் ஜமீந்தார் தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் தலைவர் என்று அச்சிட்ட அறிக்கையைப் பார்த்த பிறகு துணிவு வருகிறது. ‘இவர் ஏமாற்றமாட்டார், இவர் ஓடிப்போகமாட்டார்’ என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நம்பிக்கை. அதை ஒரு வங்கியும் கடன் கொடுக்க முடியாது. அதைத்தான் தேவர் கம்பெனிக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருக்கு இருந்த ஆபத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஜமீந்தாருடைய பட்டமும் மரியாதையும் பேஷ்குஷ் என்னும் கப்பத் தொகையும் வாரிசு உரிமையும், நல்ல நாளில் கலெக்டரின் முகமலர்ச்சியையும் கெட்ட நாளில் கோர்ட்டின் தயவையும் எதிர்பார்த்து நின்ற காலம் அது. வக்கீல் வேறு ஊருக்குப் போய்ப் பிழைக்கலாம்; ஜமீந்தார் தம் நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்படிப்பட்டவர், சர்க்காரின் செல்லப் பிள்ளையாகிய கம்பெனிக்கு எதிரிக் கம்பெனியின் தலைமை நாற்காலியில் பகிரங்கமாகப் போய் உட்கார்ந்தார்.

இந்தியாவில் அவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. வங்காளத்தில் ரவீந்திரநாத தாகூரின் மூத்த சகோதரர் ஜோதிரீந்திரநாதர், பெரிய ஜமீந்தார் வீட்டுப் பிள்ளை, 1884இல் குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே நீராவிக் கப்பல் விட்டார். எதிரே வெள்ளைக்காரரின் ப்ளோடில்லா கம்பெனி. கட்டணம் குறைந்தது, குறைந்தது, பிறகு பயணிகளைச் சும்மாவே ஏற்றிக்கொண்டு போனதோடு அவர்களுக்குப் பலகாரமும் கொடுத்தார்கள். முடிவில் அவர் கைப்பொருள் கங்கையில் கரைந்தது. ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானியரோடு சேர்ந்து 1893ஐ ஒட்டிய காலத்தில் சரக்குக் கப்பல் விட்டபோது பி. அண்டு ஓ. கம்பெனியாரும் கட்டணத்தைச் சரித்தே அவரை அகற்றினார்கள். தூத்துக்குடியிலும் அதே ஆயுதம்தான். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே வெள்ளைக் கம்பெனியார் சும்மா ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லி, கூடவே ஒரு குடையும் இனாமாகக் கொடுக்க முன்வந்தார்கள். ஆயிரம் கப்பலின் இலாபத்திலிருந்து ஒரு துறையின் நஷ்டத்தை ஈடு செய்யக்கூடியவன், இரண்டே கப்பல் வைத்திருப்பவனை இப்படித்தான் சாய்ப்பான். இதை வியாபாரப் போட்டி என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துறைமுக அதிகாரியும் சுங்க அதிகாரியும் சுகாதார அதிகாரியும் ஒரு பக்கத்துக் கப்பலைத் தாமதிக்கச் செய்து மறுபக்கத்துக் கப்பலுக்கு வழிவிட்ட இடத்தில் போட்டி ஏது?

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள், சுருக்கிச் சொல்லுகிறேன். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அவர்களோடு நின்றார் சிதம்பரம்பிள்ளை. மார்ச்சு 12ஆம் தேதி அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். ஜூலை 7ஆம் தேதி ஜட்ஜ் பின்ஹே சிதம்பரம்பிள்ளைக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை விதித்தார். அப்பீலில் அது பிற்பாடு குறைந்தது. ஓட்டுகிறவர் இல்லாமல் கம்பெனி தள்ளாடியது. 1911இல் கலைக்கப்பட்டது. கொடுமை என்னவென்றால், எந்தக் கம்பெனியை எதிர்க்க வாங்கினார்களோ அந்தக் கம்பெனிக்கே காலியா விலைபோயிற்று.

அதே 1911ஆம் வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி பாண்டித்துரைத் தேவர் காலமானார். வயது 44. சிதம்பரம்பிள்ளை அப்போது சிறைக்குள் இருந்தார். அவர் வெளியே வந்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து, 1912 டிசம்பரில்.

இன்னொரு மனிதரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்காத்லாந்தில் ஆர்ப்ரோத் என்ற சிறு துறைமுகத்தில், ஒரு மாலுமியின் மகனாக 1852இல் பிறந்த ஜேம்ஸ் லைல் மக்கே என்பவர், 1874இல் கல்கத்தாவுக்கு உத்தியோகத்துக்கு வந்து, மக்கின்னன் மக்கென்ஸி கம்பெனியில் படிப்படியாக ஏறி, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் முதல்வர்களுள் ஒருவராகி, பின்னர் அதன் தலைவராகவும், 1914இல் அதை இணைத்துக்கொண்ட பி. அண்டு ஓ. கம்பெனியின் தலைவராகவும் விளங்கினார். அவருக்கு இங்கிலாந்து அரசாங்கம் இஞ்ச்கேப் பிரபு என்று பட்டம் சூட்டியது எந்த வருஷத்தில் தெரியுமா? 1911இல். பிறகு 1924இல் வைகௌண்ட், 1929இல் ஏர்ல் என்று பட்டத்துக்கு மேல் பட்டம். கப்பல் ஒரு மாலுமியின் மகனைப் பிரபுவாக்கியது. நம் நாட்டில் ஒரு பிரபு கப்பலுக்காகத் தம் பிரபுத்துவத்தை ஈடு வைத்தார். அந்தத் தேசத்தில் கப்பல்காரனுக்குப் பின்னால் ராஜாங்கம் நின்றது. இந்தத் தேசத்தில் கப்பல்காரனுக்கு எதிரே ராஜாங்கம் நின்றது. இரண்டு தலைவர்களின் திறமையை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘தோற்றுப்போன கம்பெனியின் தலைவரை எதற்காக நினைக்க வேண்டும்?’ என்ற எண்ணம் வியாபாரிகள் நிறைந்த இச்சபையில் யாருக்கேனும் வந்தால் அதை நான் குற்றமாகக் கருத மாட்டேன். ஆனால் கணக்கை 1911இலேயே மூடிவிடக் கூடாது. சுதேசிக் கம்பெனி முறிந்து எட்டு வருஷங்களுக்குள், 1919இல், நரோத்தம் மொரார்ஜியும் வால்சந்த் ஹீராசந்தும் சிந்தியாக் கம்பெனியின் ‘லாயல்டி’ என்ற கப்பலைப் பம்பாயிலிருந்து லண்டனுக்கு விட்டார்கள். அவர்களும் கட்டணச் சண்டையைச் சந்தித்தார்கள்; இஞ்ச்கேப் பிரபுவையே நேரில் சந்தித்தார்கள்; நிலைத்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பின், 1949இல், அதே சிந்தியாக் கம்பெனியின் கப்பல் ஒன்றுக்கு வ. உ. சிதம்பரம் என்று பெயர் சூட்டித் தூத்துக்குடியில் ராஜாஜி அவர்கள் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். செய்ய வேண்டியது இன்னது, அதைச் செய்யும்போது எந்தத் திசையிலிருந்து அடி விழும் என்ற இரண்டையும் பின்வந்தவர்களுக்குக் காட்டியவர்கள் தூத்துக்குடிக்காரர்கள்.

சிறை சென்றவரை நாம் நினைப்பது முற்றும் நியாயம். செக்கிழுத்த உடம்புக்குச் சமமாக எந்தச் செல்வத்தையும் வைக்க முடியாது. ஆயினும் ஒரு பெருங்காரியத்தில் உடம்பைக் கொடுத்தவர், பணத்தைக் கொடுத்தவர், பெயரைக் கொடுத்தவர் என்று மூவர் சேர்ந்திருக்க, ஒருவரை மட்டும் நினைத்து இருவரை மறப்பது சரித்திரத்தைக் குறைத்துச் சொல்வதாகும். பக்கீர் சேட் கொடுத்த 2 லட்சமும், தேவர் கொடுத்த தலைமையும் இல்லாமல் சிதம்பரம்பிள்ளையின் கனவு கடலைத் தொட்டிருக்காது. ஒரு வேளாளர், ஒரு முஸ்லிம் வியாபாரி, ஒரு மறவர் குலத்து ஜமீந்தார், ஒரு சேலத்துப் பிராமண வக்கீல் என்று சேர்ந்த கூட்டம் அது. அப்படிச் சேர முடிந்ததையே வெள்ளைக் கம்பெனியார் கப்பலைவிட அதிகமாகக் கண்டு அஞ்சியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் ஊரில் பணம் இருக்கிறது. மலை கொடுத்த பணம். வெயிலும் அட்டையும் பனியும் பாராமல் உழைத்தவர்களின் கையால் வந்த பணம். ஒரு வருஷம் ஏலக்காய் விலை ஏறுகிறது, மறுவருஷம் இறங்குகிறது. ஏறிய வருஷத்தில் வீடு உயருகிறது, கல்யாணம் பெரிதாகிறது. அதில் ஒரு பங்கை, கொடுத்தவர் போன பின்னும் நிலைக்கும் ஸ்தாபனமாக மாற்றும்படி உங்களைக் கேட்டுக்கொள்ள வந்தேன். பாண்டித்துரைத் தேவரின் கப்பல் இன்று இல்லை; ஆனால் அவர் நிறுவிய தமிழ்ச் சங்கம் மதுரையில், அதன் பெயராலேயே வழங்கும் தமிழ்ச் சங்கம் சாலையில் இருக்கிறது. போடியிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் ஒருமுறை அங்கே செல்லுங்கள், நூல்நிலையத்தைப் பாருங்கள், வசதி உள்ளவர்கள் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், உங்கள் ஊரிலும் அப்படி ஒன்றைத் தொடங்குங்கள். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சுதேசிக் கப்பலைப் பற்றிப் பாடம் சொல்லும்போது, சிதம்பரம்பிள்ளையின் பெயரைச் சொன்னவுடன் புத்தகத்தை மூடிவிடாமல், காரியதரிசி பக்கீர் சேட், தலைவர் பாண்டித்துரைத் தேவர் என்ற இரண்டு பெயர்களையும் பிள்ளைகளைக் கரும்பலகையில் எழுதச் செய்யுங்கள்.